நெஞ்சில் ஒரு இது

முதலில் ‘டக்’கென்று ஒரு சின்னச் சத்தம் வரும், பல்லால் துணியின் விளிம்பைக் கடித்துப் பிளக்கிற சத்தம். அப்புறம் ஒரு மூச்சு நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு ‘சர்ர்ர்’ என்று நீளமாக, ஒரே இழுப்பில் வேட்டி கிழியும். தென்காசி வீட்டில் அரங்கு என்று சொல்லும் உள்ளறையில், ஊறுகாய்ப் பரணிகளுக்கும் அரிசிப் பானைகளுக்கும் நடுவில், கதவைச் சாத்திக்கொண்டு பகவதி பெரியம்மை அப்படித்தான் பழைய வேட்டிகளைக் கிழிப்பாள். மத்தியானம் மூன்று மணிக்கு, ஆண்கள் யாரும் வீட்டில் இல்லாத நேரத்தில். வெளியே எட்டு வயசுச் செண்பகவல்லி தாயக்கட்டையை உருட்டாமல் உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தை எண்ணுவாள். நாலு, ஐந்து, சில நாள் ஏழு. அறுபது வருஷமாகக் காதில் விழாத சத்தம் இன்றைக்கு இந்த ஆஸ்பத்திரியில், பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பெண்ணும் எழுந்து வெளியே வந்ததும் கட்டிலில் விரித்த காகிதத்தை உள்ளே நர்ஸ் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்தவளுக்காகச் சுருளிலிருந்து புதிதாக இழுத்து விரிக்கிறாள், அவ்வளவுதான், காகிதம். புத்திக்குத் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு கிழிசலுக்கும் செண்பகவல்லியின் வலது கை தானாகப் போய் இடது தோளிலிருந்து சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டது. மூடி என்ன செய்ய. இன்னும் கொஞ்ச நேரத்தில் திறக்கத்தானே வந்திருக்கிறது. காலை ஒன்பதரைக்கு வந்து உட்கார்ந்தார்கள், இப்போது பதினொன்றே கால். டோக்கன் பதினேழு. இடது பக்கம், சேலை மறைத்த இடத்தில், கொண்டைக்கடலை அளவில் ஒரு கட்டி. தை மாசம் பொங்கல் கழிந்த செவ்வாய்க்கிழமை குளிக்கும்போது சோப்புக் கைக்குத் தட்டுப்பட்டது. இது பங்குனி. பத்து வாரம். அந்தப் பத்து வாரத்தில் கடலை அங்கேயே கடலையாக இருந்ததா, இல்லை வேறு எங்காவது வேர் விட்டதா, அதுதான் தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த ரோஜா நிற பிளாஸ்டிக் நாற்காலி.

ரோஜா நிறத்தைத் தேர்ந்தெடுத்தவன் யாரென்று தெரிந்தால் தேவலை. நாற்காலி ரோஜா, படிவம் ரோஜா, சுவரில் ஒரு பெரிய படம், அதில் ஒரு ரோஜாப்பூ, பூவுக்குக் கீழே ‘உங்களை நேசியுங்கள்’ என்று எழுதியிருந்தது. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம். எலும்பு முறிவுப் பிரிவில் எலும்புக்கூடு படம் போட்டிருக்கிறார்கள், கண் பிரிவில் கண், சிறுநீரகத்துக்குச் சிறுநீரகம், அவரைக்கொட்டை மாதிரி தெளிவாக. இங்கே மட்டும் பூ. வாசலில் பலகை ‘மகளிர் சிறப்புப் பிரிவு’. மகளிருக்கு என்ன சிறப்பு என்று பலகை சொல்லாது. படிவத்தில் மட்டும் பயந்து பயந்து ‘மார்பகம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். மார்பகம். அன்பகம், அறிவகம் மாதிரி, கேட் போட்டு வாசலில் கல்வெட்டுப் பதித்த வீடு மாதிரி ஒரு சொல். யாரோ கமிட்டி போட்டுச் செய்திருக்க வேண்டும். முப்பத்துநாலு வருஷம் பெண்கள் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவளுக்கு ஒரு சொல் எங்கே பிறந்தது, எங்கே செய்யப்பட்டது என்று நாக்கில் வைத்தாலே தெரியும், இது செய்யப்பட்டது. தரையில் ஒரு மஞ்சள் கோடு ஒட்டியிருந்தது, ‘ஆண்கள் இதற்கு மேல் அனுமதி இல்லை’. கோட்டுக்கு அந்தப் பக்கம், ஒட்டினாற்போல் போட்ட நாற்காலியில், செருப்பு நுனி கோட்டைத் தொடாமல் காலை உள்ளிழுத்துக்கொண்டு அவளுடைய வீட்டுக்காரர் சங்கரநயினார் உட்கார்ந்திருந்தார். மின்வாரியத்தில் கோட்டப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கோடு என்றால் மதிக்கத் தெரிந்தவர். கையெட்டும் தூரம்தான், இருந்தாலும் வேற்றூரில் இருப்பவரைப் போல அவ்வப்போது கையை உயர்த்தி, தண்ணீர் வேண்டுமா என்று சைகையில் கேட்டார். நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷரிடம் கோபப்படுவது கஷ்டமான வேலை, பிடிக்க விளிம்பே கிடைக்காது. போனில் பேசியது அவர்தான். தை மாசம், அவள் குளித்து முடித்து ஈரத் தலையோடு வந்து சொன்னபோது அவள்தான் அப்படிச் சொன்னாள், அதை மறுக்க முடியாது: “நெஞ்சுல ஒரு இது மாதிரி இருக்குங்க.” உடனே அவர் முகம் வெளுத்து, தனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரிக்குப் போனைப் போட்டு, வீட்ல அவங்களுக்கு நெஞ்சுல ஒரு இது, வயசு அறுபத்தெட்டு, இடது பக்கம்தான் என்று சொன்னார். இடது பக்கம் என்றதும் எதிர்முனையில் இருந்த பெண் சுறுசுறுப்பானாள். அரை மணி நேரத்தில் இருதய ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்.

ஒரு இது. நாற்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த இடத்துக்குப் பேரே கிடையாது என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. தொட்டவருக்கும் தெரியாது, தொடப்பட்டவளுக்கும் தெரியாது. இருட்டில் பேர் எதற்கு. பகலில் தேவைப்பட்டபோது இல்லை, அவ்வளவுதான். இருதய ஆஸ்பத்திரியில் எல்லோரும் எவ்வளவு அக்கறை. படுக்க வைத்து ஈசிஜி எடுத்தார்கள். ஒரு சின்னப் பெண், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் கிடக்கிற பையை நகர்த்துவது மாதிரி, புறங்கையால் அதை ஒதுக்கித் தூக்கி, கீழே ரப்பர் குமிழ்களை வரிசையாக ஒட்டினாள். கட்டிக்கும் குமிழுக்கும் இரண்டு விரல்கடைதான் தூரம். அந்தப் பெண்ணின் விரல் இன்னும் இரண்டு விரல்கடை மேலே போயிருந்தால். போகாது, அந்தப் படிப்பில் அது வழியில் கிடக்கிற சாமான்தான். அப்புறம் எக்கோ, வழவழவென்று ஒரு பசையைத் தடவி, கருவியை அழுத்தி அழுத்தி, டாக்டர் திரையைப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்தாள். கறுப்பு வெள்ளையில் அவளுடைய இருதயம் வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது, கரையில் போட்ட மீன் மாதிரி. டாக்டர் அவளிடம் படித்த ஒருத்தியின் மகன், ஆன்ட்டி ஆன்ட்டி என்று உருகினான். சொல்லுங்க ஆன்ட்டி, எங்கே வலிக்கு, எப்படி இருக்கு. வலி இல்லைப்பா, ஒரு கட்டியா, என்று ஆரம்பித்தாள். அடைக்கிற மாதிரியா என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டாள். ஏன் ஆமாம் என்றாள்? அந்தக் கேள்வி பத்து வாரமாக நாக்கில் முள் மாதிரி நிற்கிறது. முப்பது வயசுப் பையன், நெற்றியில் திருநீறு, அவனுடைய அம்மாவின் கல்யாணத்துக்குப் போய் வெள்ளி குங்குமச் சிமிழ் வைத்துக் கொடுத்தவள் இவள்; அவன் முகத்தைப் பார்த்து இன்ன இடத்தில் என்று சொல்ல ஒரு வார்த்தை வேண்டியிருந்தது, அவளிடம் இருந்தது எல்லாம் பாட்டில் இருக்கிற வார்த்தை. ட்ரெட்மில்லில் வேறு ஓட விட்டார்கள். இரண்டு வாரம் கழித்து எல்லாக் காகிதத்தையும் அடுக்கி வைத்து, முப்பது வயசுப் பொண்ணோட ஹார்ட் ஆன்ட்டி உங்களுக்கு, வாயுதான், என்று மாத்திரை எழுதிக்கொடுத்தான். வரும் வழியில் சங்கரநயினார் காரை நிறுத்திக் கரும்புச்சாறு வாங்கித் தந்தார், இஞ்சி போட்டு. அவர் கண்ணில் தண்ணீர். அவளும் வாங்கிக் குடித்தாள். அதுதான் பொறுக்க முடியவில்லை. கட்டி அங்கேயே இருக்கிறது, யாரும் தொடவில்லை, யாரும் கேட்கவில்லை என்று உடம்பில் ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் தெரியும். தெரிந்தும் அந்தச் சாறு இனித்தது. அதற்கப்புறம் ஒரு மாசத்துக்குமேல் வாயு மாத்திரை. மாசி கடைசியில், குளிக்கும்போது அது கடலை அளவில் இருந்து கழற்சிக்காய் அளவுக்கு வந்துவிட்டதாகத் தோன்றி, அல்லது தோன்றியதாகத் தோன்றி, ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் ரசத்தைப் பரிமாறிக்கொண்டே, நாம போனது தப்பான ஆஸ்பத்திரி என்று சொன்னாள். அவருக்குப் புரிய மோர் சாதம் வரைக்கும் ஆனது. பிறகு அவரே விசாரித்தார். இந்தப் பிரிவுக்கு நாள் கிடைக்க இன்னும் மூன்று வாரம்.

“டோக்கன் பதின்மூணு,” என்று நர்ஸ் திரைக்கு வெளியே தலையை நீட்டிக் கூப்பிட்டாள். ஒரு பெண் எழுந்து, உட்கார்ந்திருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, போனாள். புளிமாங்காய். பயம் வந்தால் செண்பகவல்லிக்கு அசை பிரிக்கிற வழக்கம் உண்டு. மற்றவர்கள் சாமி பேர் சொல்வார்கள், அவள் நேர் நிரை சொல்வாள். பல் பிடுங்கும்போதும் விமானம் ஏறும்போதும் எதிரே கண்ணில் படுகிற சொல்லை உடைத்து வாய்பாட்டில் போட்டுக்கொண்டே இருந்தால் மனசுக்கு ஒரு வேலை கிடைக்கும். பதின்மூன்று, பதி-னே-ழு, எல்லாம் புளிமாங்காய். பன்னிரண்டு மட்டும் கூவிளங்காய். பத்தொன்பதுக்குத்தான் கனி, தேமாங்கனி. காய், காய், காய். காய்ச்சிருக்கா, கல்லு மாதிரி இருக்கா, அசையுதா என்று உள்ளே கேட்பார்களாம். மனசு அங்கே போய் மாட்டிக்கொண்டது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் எவனோ காயையும் கனியையும் வைத்து இலக்கணம் எழுதினான், அதில் போய் இன்றைக்கு ஒருத்தி விழுகிறாள். இலக்கணத்தை விட்டுப் பாட்டுக்குப் போனால் அங்கே இன்னும் மோசம். பாட்டு முழுக்க முலை. குன்று, குரும்பை, கோங்கின் அரும்பு, யானைக் கொம்பு, வச்ச கண் வாங்காமல் ரெண்டாயிரம் வருஷமாகப் பார்த்துப் பார்த்து உவமை சொல்லியிருக்கிறார்கள், ஒருத்தனாவது அதற்குள் ஒரு கட்டி வரும் என்று சொன்னானா. தெருவில் போனால் அந்தச் சொல் சுவரில் கரியால் கிடக்கிறது. பஸ்ஸில் பாட்டாகக் கிடக்கிறது. வசவில் கிடக்கிறது. ஊரில் எல்லோர் வாயிலும் கிடக்கிற சொல், அதை உடம்பில் வைத்திருக்கிறவள் மட்டும் சொல்லக்கூடாது. யார் விதித்த விதி என்று கேட்டால், அவளேதான் வகுப்பில் முப்பத்துநாலு வருஷம் காவல் காத்தாள். அந்த வரி வந்ததும் குரல் ஒரு படி இறங்கும், இங்கே பெண்ணின் அழகு வருணிக்கப்படுகிறது, அடுத்த அடியைப் பாருங்கள். ஒரு முறை மட்டும் மதலைமேரி என்று ஒரு பெண், கடைசி பெஞ்சு, இடிந்தகரைக்காரி, கடற்கரைப் பிள்ளைகளுக்கே உள்ள உரத்த குரல், எழுந்து நின்று, மேடம், ‘முலை’க்குப் பொருள் எழுதிப் போடலையே என்று கேட்டாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. செண்பகவல்லி சிரிக்கவில்லை. அது இங்கே முக்கியமில்லை, உட்காரு, என்றாள். மதலைமேரி உட்கார்ந்தாள். வருஷத்துக்கு ஐம்பது, எழுபது மாணவிகள். அத்தனை பேருக்கும் அது இங்கே முக்கியமில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவர்களில் யார் யார் இன்றைக்கு எந்த ஊரில் எந்த டாக்டரிடம் நெஞ்சுல ஒரு இது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ.

அவளுக்கு அடுத்த நாற்காலியில், டோக்கன் பதினெட்டு, ஒரு நாற்பது வயசுக்காரி வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. கடையம் பக்கம் என்றாள். பேர் பொன்னுத்தாய். விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை, பீடி சுற்றுகிறவள். படிவத்தைத் தலைகீழாகப் பிடிக்கவில்லை, நேராகத்தான் பிடித்திருந்தாள், ஆனால் வெகு நேரம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நீங்க டீச்சரா என்று கேட்டாள். எப்படித் தெரியும் என்றால், பேனாவைப் புடிச்சிருக்கத பாத்தா தெரியாதாக்கும் என்றாள். எழுத்து பொடிப்பொடியா இருக்கு, எனக்கும் சேத்து எளுதிக் குடுங்க. செண்பகவல்லி வாங்கி எழுதினாள். பேர், வயது, ஊர், பிள்ளைகள் இரண்டு. பால் கொடுத்தீர்களா என்று ஒரு கேள்வி. பின்ன, தண்ணியா குடுப்பாவ என்றாள் பொன்னுத்தாய். உடல்நலக் குறைபாடு என்ற இடம் வந்தது. செண்பகவல்லி பேனாவை நிறுத்தி, என்ன செய்கிறது என்று மெதுவாகக் கேட்டாள், குனிந்து, ரகசியம் கேட்பது போல. பொன்னுத்தாய் குனியவில்லை. “மொலையில கட்டி. வலது மொல. எளுதுங்க.” பஸ்ஸில் ஊர்ப் பேர் சொல்லி டிக்கெட் கேட்கிற குரல். இரண்டு வரிசை தள்ளி ஒரு தலை திரும்பியது, திரும்பி மறுபடி தொலைக்காட்சியைப் பார்த்தது. செண்பகவல்லியின் கை, அவளைக் கேட்காமலே, ‘வலது மார்பகத்தில் கட்டி’ என்று எழுதியது. எழுதிவிட்டுப் பார்த்தாள். மொழிபெயர்த்திருக்கிறாள். தமிழிலிருந்து தமிழுக்கு. கட்டி எப்போது தெரிந்தது என்று அடுத்த கேள்வி. பன்னிரண்டு நாளாச்சு என்றாள் பொன்னுத்தாய். பன்னிரண்டு வாரமா என்று கேட்டாள். இல்ல டீச்சர், நாளு. போன வாரத்துக்கு முந்தின வாரம் பீடிக்கட்டு ஒப்படைச்சிட்டு வந்து குளிச்சேன், கையில தட்டுச்சு. ஊர்ல நர்ஸ் அக்கா வருவாவ, மொலையில கட்டின்னேன், அன்னைக்கே கையை வச்சுப் பாத்தாவ, சீட்டு எளுதிக் குடுத்து இங்க போன்னுட்டாவ, இன்னைக்கு நாள் குடுத்துருக்காவ. உங்களுக்கு எத்தனை நாளாச்சு. செண்பகவல்லி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். எழுபது நாள் என்றாள். எழுபதா, என்று பொன்னுத்தாய் வாயில் கையை வைத்து, ஏன் டீச்சர், உங்க பக்கம் டாக்டர் கிடையாதா, என்று உண்மையான கவலையோடு கேட்டாள். அவள் பாளையங்கோட்டையில் பெருமாள்புரத்தில் இருக்கிறாள். தெருவுக்கு நாலு டாக்டர். இரண்டு எம்.ஏ., ஒரு ஆய்வுப் பட்டம், வீட்டில் மூன்று பீரோ புத்தகம், அகராதி மட்டும் பதினோரு விதம். கோபம் அடிவயிற்றிலிருந்து கிளம்பி, யார்மேல் போய் விழுவதென்று தெரியாமல், சுவரில் இருந்த ரோஜாப்பூவின் மேல் போய் விழுந்தது.

“டோக்கன் பதினாலு.” திரை விலகியது, காகிதம் கிழிந்தது, சர்ர்ர். அவள் தன்னுடைய படிவத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள், வேறு வேலை இல்லாமல். இரத்த உறவினர் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்ததா? இல்லை. அவள் கையெழுத்து, அழகான கையெழுத்து. அதற்குக் கீழே, இதய நோய் இருந்ததா? உண்டு, பெரியம்மா. இதை எத்தனை முறை எழுதியிருப்பாள். காப்பீட்டுக்கு, கண் ஆபரேஷனுக்கு, எல்லாவற்றுக்கும். அம்மாவின் கூடப்பிறந்த அக்கா பகவதி பெரியம்மைக்கு நெஞ்சு நோவு, நாற்பத்தாறு வயசில் போய்விட்டாள். நெஞ்சு நோவுள்ள குடும்பம் என்றுதான் முப்பது வயசிலேயே முட்டை மஞ்சளை விட்டாள், நெய்யை விட்டாள், காலையில் மைதானத்தை எட்டுச் சுற்று, கொழுப்பு அளவு பார்த்து டாக்டர்கள் மெச்சுவார்கள், சங்கரநயினார் நண்பர்களிடம் சொல்லிப் பெருமைப்படுவார். பெரியம்மையின் நெஞ்சுக்குப் பயந்து பயந்து வளர்த்த நெஞ்சு, முப்பது வயசுப் பொண்ணோட ஹார்ட். சத்தம் போடாம விளையாடு, பெரியம்மைக்கு நெஞ்சு நோவு என்று அம்மா சொல்வாள். பிள்ளைகள் பூனை மாதிரி நடப்பார்கள். உள்ளே டக், சர்ர்ர். பெரியம்மை இடது கையைத் தலையணை மேல் தூக்கி வைத்தே உட்கார்ந்திருப்பாள், அந்தக் கை மட்டும் வீங்கி மினுமினுவென்று வேறு யாருடைய கையோ மாதிரி இருக்கும், வளையலைக் கொறட்டால் வெட்டி எடுத்தார்கள். அரங்கில் வேப்பிலை வாசம், அதற்கும் அடியில் இன்னொரு வாசம், பழுத்து அழுகின பலாப்பழம் மாதிரி. சாயங்காலம் அம்மா ஒரு பொட்டணத்தைச் சேலைக்குள் மறைத்துக் கொண்டுபோய்க் கிணற்றடிக்குப் பின்னால் போட்டு எரிப்பாள், வண்ணாத்திக்குப் போடமாட்டாள். கிழித்த வேட்டி எங்கே போகிறது என்று செண்பகவல்லி ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கேட்டாள். ரோஜா நிற நாற்காலியில், அறுபது வருஷம் கழித்து. இதய நோய்க்கு எதற்குத் துணி? எதைக் கட்ட? எதைத் துடைக்க? கேள்வி வந்ததும் பதிலும் கூடவே வந்தது, அது இத்தனை நாளும் பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருந்தது போல. கழுத்துக்குப் பின்னால் சில்லென்று வேர்த்தது. பயம் என்றுதான் முதலில் நினைத்தாள். பயமில்லை. வாயில் பித்தளை ருசி வருகிற அளவுக்குக் கோபம். ஒரு பொம்பளை அரங்குக்குள் எட்டு மாசம் உடம்பில் ஒரு பக்கம் அழுகி அழுகிச் செத்திருக்கிறாள், வீட்டில் அத்தனை பெண்களுக்கும் தெரிந்திருக்கிறது, அத்தனை பேரும் சேர்ந்து அதற்கு ஒரு கௌரவமான பேர் வைத்து, அந்தப் பேரைச் செண்பகவல்லிக்கு நகை மாதிரி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அம்மா சாகும்போதுகூடச் சொல்லவில்லை. அம்மாவுக்கு எண்பத்தொன்று. சொல்ல எவ்வளவு நாள் இருந்தது. பெரியம்மை யாரிடமாவது வார்த்தையாய்ச் சொல்லியிருப்பாளா, ஒரு தடவையாவது, எங்கே நோகிறதென்று? பல்லால் துணியைக் கடித்தாளே, அந்தப் பல்லுக்கு எவ்வளவு சொல்ல இருந்திருக்கும்.

எழுந்து கவுண்டருக்குப் போனாள். படிவத்தில் ஒன்று தப்பாக எழுதிவிட்டேன், திருத்த வேண்டும் என்றாள். கவுண்டரில் இருந்த பெண் நிமிராமல், அதெல்லாம் என்ட்ரி ஆயிட்டும்மா, உள்ள டாக்டர்ட்ட சொல்லிக்கோங்க என்றாள். இது முக்கியம் என்றாள் செண்பகவல்லி. எல்லாம் முக்கியந்தாம்மா, போய் உக்காருங்க. திரும்பி வருகிற வழியில் மஞ்சள் கோட்டுக்கு முன்னால் கால் நின்றுவிட்டது. சங்கரநயினார் எழுந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் நேருக்கு நேர் நின்று, என்ன, தலை சுத்துதா, டீ வாங்கிட்டு வரவா என்று கேட்டார். அவர் சட்டைப் பையில் அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கூடு துருத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் கோபம் ஒரு கணம் இளகப் பார்த்தது, இளக விடவில்லை. “பகவதி பெரியம்மைக்கு நெஞ்சு நோவு இல்லீங்க,” என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. யார் பெரியம்மை, அவர் பார்த்ததுகூட இல்லையே. பின்னே என்ன என்றார். “முலையில புத்து.” சொல்லிவிட்டாள். அவளுடைய சொந்தக் குரலில், வகுப்பில் கடைசி பெஞ்சு வரை கேட்கிற குரலில். வாயில் அது பொன்னுத்தாய் சொன்ன மாதிரி வழுக்கிக்கொண்டு வரவில்லை, பாட்டில் இருக்கிற மாதிரி எழுத்துச் சுத்தமாக, புதுச்செருப்பு மாதிரி கடித்துக்கொண்டு வந்தது, இருந்தாலும் வந்தது. அவர் பாதி மூச்சில் நின்று, யாரோ எதையோ கீழே போட்டு உடைத்துவிட்டது போலச் சுற்றிலும் பார்த்தார். “செம்பகம், மெதுவா. ஆளுக இருக்காவ.” “இருக்கட்டும். எல்லாரும் அதுக்குத்தான் வந்திருக்காவ.” நாற்காலிகளில் ஒரு அசைவு ஓடியது. பொன்னுத்தாய்தான் முதலில் சிரித்தாள், பிறகு மூலையில் ஒரு பர்தா போட்ட அம்மாள், பிறகு யார் என்று தெரியாமல் இரண்டு மூன்று பேர், சத்தமில்லாமல், தோள் குலுங்க. செண்பகவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. அவரிடம் கேட்க இன்னும் இருந்தது. தாலி கட்டின நாளிலிருந்து இதுக்கு நீங்க ஒரு பேர் சொல்லியிருக்கீங்களா என்று கேட்டாள். நீயுந்தான் சொல்லல என்றார் அவர், மெதுவாக, குற்றம் சாட்டாமல், ஒரு கணக்கு சரியாக வராததைப் பார்க்கிற இன்ஜினீயர் முகத்தோடு. அது உண்மை. அது உண்மையாக இருந்தது இன்னும் ஆத்திரமாக இருந்தது. அவர் தரையைப் பார்த்தார், மஞ்சள் கோட்டைப் பார்த்தார், பிறகு அதைத் தாண்டி ஒரு எட்டு வைத்து அவள் பக்கத்தில் வந்து நின்றார். ஐயா, ஆம்பளையாளு அந்தப் பக்கம் என்று கவுண்டரிலிருந்து குரல் வந்தது. இரு தாயி, வாரேன், என்றார், ஆனால் போகவில்லை.

பதினைந்து போனது, பதினாறு போய் வெகு நேரம் வெளியே வரவில்லை. அந்த நேரத்தில் செண்பகவல்லி ஒன்றையும் அசை பிரிக்கவில்லை. கட்டி இருக்கிற இடத்தை மனசால் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அது அவளைத் தொட்டுக்கொண்டிருந்தது. கூப்பிட்டதும் எழுந்து போனாள். டாக்டர் ஒரு பெண், நாற்பது வயசிருக்கும், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. படிவத்தைப் புரட்டிக்கொண்டே, சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது என்றாள். “இடது முலையில கட்டி,” என்றாள் செண்பகவல்லி. “தை மாசம் பாத்தேன். எங்க பெரியம்மைக்கும் முலையில புத்துதான், நாப்பத்தாறு வயசுல செத்தா. படிவத்துல இல்லன்னு எழுதியிருக்கேன். அது தப்பு.” டாக்டர் நிமிர்ந்தாள். பேனாவை எடுத்து ‘இல்லை’யை அடித்துவிட்டு எழுதினாள். தை மாசம் பாத்துட்டு ஏம்மா இத்தனை நாள் என்று கேட்டாள். நெஞ்சுன்னு சொல்லி இருதய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டோம் என்றாள். டாக்டர் ஆச்சரியப்படவில்லை, திட்டவும் இல்லை. இந்த மாசம் நீங்க மூணாவது ஆள் என்று சொல்லிவிட்டு எழுந்து கையைக் கழுவப் போனாள். பத்து வாரத்துல பெரிசா வித்தியாசம் வந்திருக்குமா என்று செண்பகவல்லி அவள் முதுகைப் பார்த்துக் கேட்டாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரும் உறுதியாச் சொல்ல முடியாதும்மா, என்றாள் டாக்டர், படுங்க, பாக்கலாம்.

சித்திரை இருபத்திரண்டாம் தேதி செண்பகவல்லியின் இடது முலையை முழுவதுமாக எடுத்தார்கள். அக்குளில் எடுத்த பதினான்கு நிணநீர் முடிச்சுகளில் ஆறில் புற்று பரவியிருந்தது. அவள் அதற்குப் பிறகு நாலு வருஷம் ஏழு மாசம் இருந்தாள்.